அலமாரி இறக்கம்

டிசம்பர் 2, சனி

இன்று நான்கே இடங்களில்தான் கால் ஊன்றினேன். போன மாதம் பதினோரு இடங்கள். வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரமாகியும் உள்ளங்கை அதிர்வு நிற்கவில்லை. குளிக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ராஸ் அல் கைமாவிலிருந்து காரில் முக்கால் மணி நேரம் போனால் ஹஜர் மலையில் எங்கள் தடம். மொத்தம் பதினொரு கிலோமீட்டர். முதல் நான்கும் கழுதைகள் நடந்து நடந்து போட்ட பழைய ஏற்றம். மிச்சம் ஏழும் இறக்கம். மரம் கிடையாது, தண்ணீர் கிடையாது, நிழல் வேண்டுமென்றால் நம்முடைய நிழல்தான். கறுத்த பாறையும் அதன் மேல் உருளும் சரளையுமாக, ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குப் பாதை. அதில் மலை சைக்கிளில் இறங்க வேண்டும். எங்கள் குழுவின் சட்டம் எளிது. உச்சியிலிருந்து அடிவாரம் வரை கால் தரையில் படக் கூடாது. பட்டால் கணக்கில் சேராது. யாராவது ஒருவர் பார்த்திருக்கவும் வேண்டும். பத்துப் பேரில் இதுவரை முழுதாக இறங்கியவர்கள் மூன்று பேர், மூவரும் ஆண்கள். அதை மாற்றிவிட்டுத்தான் விமானம் ஏறுவேன்.

பிப்ரவரி 28-க்கு டிக்கெட். அதன் பிறகு தூத்துக்குடி. அங்கே உள்ளதில் பெரிய மலை உப்பளத்து அம்பாரம்தான்.

கத்திமுனையில் இன்று சக்கரம் இம்மிகூட விலகவில்லை. இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் முதுகெலும்பு போல ஒரு பாறை, நாற்பதடி நீளம். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவோம், போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தேன், போய்விட்டேன். இந்தப் பெயர்களெல்லாம் என் வீட்டுக்காரர் லெரின் வைத்தவை. அலமாரி என்ற பெயரும்.

அலமாரியை நான் இன்னும் முயலவே இல்லை. இறக்கத்தின் முதல் இடமே அதுதான். அலமாரித் தட்டு போல ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு பாறைப் படி, ஒவ்வொன்றும் தொடையுயரம். இறங்கிய வேகத்திலேயே இடப்பக்கம் ஒடித்துத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் முள்மரம், அதற்கு அந்தப்பக்கம் ஓடை. நான் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறேன்.

லெரின் வரவில்லை. ஏப்ரலில் அங்கே விழுந்து வலது மணிக்கட்டு உடைந்ததிலிருந்து அவர் சைக்கிளைத் தொடுவதில்லை. அது பால்கனியில் பழைய போர்வை மூடிக் கிடக்கிறது.

டிசம்பர் 3, ஞாயிறு

தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல். சாளைக் குழம்பு. துணி மூன்று வாளி.

டிசம்பர் 9, சனி

காலை மலையில் மூடுபனி, போகவில்லை. அந்த நேரத்தை வீணாக்காமல் சைக்கிள் கடையில் பிஷ்ணுவிடம் பிரேக் வேலை கற்றேன். நேபாளத்துக்காரர், பொறுமைசாலி. ஊருக்குப் போனால் இதற்கெல்லாம் ஆள் தேடி அலைய முடியாது, நாமே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்த பிரேக்கில் கம்பி கிடையாது, எண்ணெய்க் குழாய். குழாயைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று புகுந்துவிடும். ஊசிக்குழலால் எண்ணெயை ஏற்றிக் காற்றைத் துரத்த வேண்டும். அதோடு, இரண்டு கைப்பிடிகளையும் இடம் மாற்றுவது எப்படி என்றும் கேட்டுக்கொண்டேன். ஊரில் நாம் ஓட்டிய சைக்கிளில் வலது கை முன்சக்கரம், இடது கை பின்சக்கரம். இங்கே வருகிற மலை சைக்கிள்கள் நேர்மாறு. நம் ஆட்கள் வாங்கிய அன்றே ஊர் வழக்கத்துக்கு மாற்றிக்கொள்வோம். பழகிய விரல் யோசித்துப் பிடிப்பதில்லை, அதனால்தான்.

உங்கள் சைக்கிளில்தான் எல்லாம் சரியாக இருக்கிறதே, எதற்கு என்று பிஷ்ணு கேட்டார். சும்மா என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஊசிக்குழலை எடுத்துக் கொடுத்தார்.

டிசம்பர் 12, செவ்வாய்

லெரினின் கை எக்ஸ்ரே எனக்கு மனப்பாடம். நான் வேலை பார்க்கிற கிளினிக்கில் நானே எடுத்ததுதான். எலும்பு அழகாகக் கூடிவிட்டது, உள்ளே பொருத்திய உலோகத் தட்டும் திருகும் அசையாமல் இருக்கின்றன. இதை நான் இருபது தடவை சொல்லியாகிவிட்டது. சுவரிடம் சொல்லியிருந்தால்கூட நம்பியிருக்கும்.

பன்னிரண்டு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கை உடைந்தபின் அறிக்கை எழுதும் வேலை வாங்கிக்கொண்டார். அதுவும் பிடிக்காமல் ஒரேயடியாக ராஜினாமா கொடுத்துவிட்டார். அதனால்தான் பிப்ரவரி, அதனால்தான் தூத்துக்குடி. கிரேனில் ஏறினால் என்ன என்று இன்று மறுபடியும் கேட்டேன். வேண்டாம் வினோ என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனார்.

விபத்து என்றால் விபத்துதான். யார் மேலும் குற்றமில்லை.

டிசம்பர் 16, சனி

மூன்று இடம். லெரின் சல்லி என்று பெயர் வைத்த சரளைச் சரிவில்கூட நிற்கவில்லை. அங்கே பயந்து பிரேக்கை இறுக்கினால் சரளையோடு சேர்ந்து நாமும் சரிவோம். சைக்கிளை அதன் போக்கில் விட்டு, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குதிகாலை அழுத்தி நின்றால், அது ஆடிக்கொண்டே தானாக வழி கண்டுபிடிக்கிறது. கீழே வந்து கத்தியதில் இரண்டு ஆடுகள் பாறைக்குப் பின்னால் ஓடின. நாற்பத்தோரு வயதில் இப்படிக் கத்துகிறவளை அவை பார்த்திருக்காது.

டிசம்பர் 23, சனி

இன்று மலைக்குப் போகவில்லை. என் சைக்கிளின் பிரேக் எண்ணெயை நானே மாற்றினேன். முதல் தடவை பிடி தொளதொளவென்று இருந்தது. இரண்டாவது தடவை கல் போல நின்றது. பெருமைக்குக் குறைச்சலில்லை.

லெரின் கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகைக்குப் போயிருந்தார், வர நான்கு மணி நேரம் ஆகும். கைசூட்டோடு அவருடைய சைக்கிளையும் வெளியே எடுத்தேன். துடைத்தேன், சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். வேறு சில சின்ன வேலைகள். பழையபடி போர்வையை மூடிவிட்டேன்.

டிசம்பர் 25, திங்கள்

கிறிஸ்துமஸ். பிரியாணியில் உப்பு கூடிவிட்டது. லெரின் நன்றாகப் பாடினார்.

ஜனவரி 6, சனி

லெரின் மலைக்கு வந்தார்.

நடந்துதான். அலமாரியை நான் எப்படி இறங்குவது என்று காட்டித் தரும்படி கெஞ்சினேன், மிரட்டினேன், கடைசியில் அவரில்லாமல் முயன்று மண்டையை உடைத்துக்கொள்வேன் என்றேன். அது வேலை செய்தது. ஏற்றம் முழுவதும் நான் சைக்கிளை உருட்ட, அவர் பக்கத்தில் வந்தார். உச்சியில் போய் நின்றதும் அவருக்கு வாய் திறந்துவிட்டது. முதல் தட்டில் எந்தக் கீறல் வழியே சக்கரம் போக வேண்டும், இரண்டாவது தட்டுக்கு முன் பின்பிரேக்கை எந்த அளவு தொட வேண்டும், முன்பிரேக்கை அங்கே ஏன் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது, கண் எந்தக் கல்லில் இருக்க வேண்டும் என்று கையாட்டிச் சொல்லிக்கொண்டே போனார். இல்லாத சைக்கிள் மேல் குனிந்து நின்று காட்டினார். எட்டு மாதமாக நான் பார்க்காத ஆள்.

நான் மூன்று தடவை விளிம்பு வரை போய் மூன்று தடவையும் நின்றுவிட்டேன். அதற்காக வருத்தமே இல்லை.

ஜனவரி 7, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்ததும் அவராகவே போர்வையை எடுத்தார். காற்றடித்தார். கார் நிறுத்துமிடத்தில் எட்டுப் போட்டார், படிக்கட்டில் இரண்டு படி இறங்கினார். நான் மாடியிலிருந்து அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை பிடித்தால் முன்சக்கரம் நின்றது. இடது கை பிடித்தால் பின்சக்கரம் நின்றது. எல்லாம் ஊர் வழக்கப்படி.

மேலே வந்து, பிரேக் நல்லாப் பிடிக்கே, பெறகு ஏன் அன்னைக்கு என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். நான் இட்லிக்கு மாவு எடுக்கப் போனேன்.

இனி ஒரு தொல்லையும் இல்லை. முடிந்தது முடிந்ததாகவே இருக்கட்டும்.

ஜனவரி 13, சனி

இருவரும் சைக்கிளில் போனோம். இந்த வரியை எழுத எவ்வளவு நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். ஏற்றத்தில் முன்னால் அவர் மூச்சுச் சத்தம், பின்னால் என் மூச்சுச் சத்தம், வெயில் இன்னும் மலைக்கு அந்தப்பக்கம். எனக்குச் சிரிப்பாக வந்தது, காரணமேயில்லாமல்.

உச்சியில் அந்தச் சந்தோஷம் தீர்ந்தது. அலமாரியில் அவர் இறங்கி நடந்தார். சரி, அது பலரும் நடக்கிற இடம். ஆனால் சல்லியிலும் நடந்தார். கத்திமுனையில், நான் கண்ணை மூடிக்கொண்டு போகிற இடத்தில், சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஓடை மணலில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்னும்போது தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடைந்தது வலது கை. இடது கையில் ஒன்றுமேயில்லை.

“அன்னைக்கு நான் பின்பிரேக்கத்தான் பிடிச்சேன் வினோ. சத்தியமா ஞாபகம் இருக்கு. ஆனா நின்னது முன்சக்கரம். நான் ஒண்ணு நெனைக்க, கை வேற ஒண்ணு செஞ்சிருக்கு. முப்பது டன் பெட்டியத் தொங்க விட்டுக்கிட்டு இந்தக் கையோட நான் எப்படிட்டி உக்காருவேன்? கீழ ஆளுக நிக்கும்லா.”

எனக்குத் தெரியாமல் நரம்பு டாக்டரிடமும் போய்வந்திருக்கிறார். டாக்டர் ஒன்றுமில்லை என்றாராம். ஒன்றுமில்லை என்று சொன்னதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியிருக்கிறது.

கையில் இருந்த பேரீச்சம்பழத்தை நான் தின்னவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

ஏப்ரலில் லெரினின் பிரேக் குழாய் இரண்டும் கசிந்தன. பிஷ்ணு புதுக் குழாய் போட்டார், வழக்கமான முறைப்படி இடது கைக்கு முன்சக்கரம் என்று மாட்டிவிட்டார். சைக்கிளை வாங்கிவரப் போனது நான். மேடம், இடது கைதான் முன்பக்கம், வேண்டாமென்றால் நாளைக்கு மாற்றித் தருகிறேன் என்று தெளிவாகச் சொன்னார். எனக்குக் கிளினிக்குக்கு நேரமாகிவிட்டது. சரி சரி என்றேன். லெரினிடம் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தேன். அன்று மாலை மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை மலை. நான்கு கிலோமீட்டர் ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையே கிடையாது. அவருக்குத் தெரிய வழியில்லை.

பாதி ஏற்றத்தில் எனக்கு நினைவு வந்தது. இதைத்தான் நான் ஒன்பது மாதமாக எனக்குள்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அவர் நூறடி முன்னால் போய்க்கொண்டிருந்தார், எனக்குக் கத்த மூச்சில்லை. மேலே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். மேலே போனதும் சூரியன் பாறை மேல் விழுந்து எல்லாம் செம்பு நிறமாக இருந்தது. நான் போனை எடுத்தேன். சீக்கிரம் இறங்குங்க, வெளிச்சம் போயிரும் என்றேன். சொன்னபோது அது நினைவில் இருந்ததா? இருந்தது. ஒரு ஓரத்தில் இருந்தது. வீடியோவை எடுத்துவிட்டுச் சொல்லலாம், இவருக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று இருந்துவிட்டேன்.

அவர் முதல் தட்டில் இறங்கி இடது கையைத் தொட்டார். முன்சக்கரம் நின்றது, அவர் சைக்கிளுக்கு மேலாகப் பறந்தார். அந்த வீடியோவை அன்றே அழித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கலாம். வலியில் இருக்கிறார், இப்போது வேண்டாம் என்று தள்ளினேன். பிறகு ஒரு வாரம் தள்ளினேன். பிறகு சொல்ல முடியாத அளவுக்கு நாள் ஆகிவிட்டது. டிசம்பரில் பிடிகளை மாற்றிவைத்தபோது கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்தேன். உண்மையில் அவர் கண்டுபிடிக்க இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டேன். இப்போது அவருக்குச் சைக்கிள் மேல் சந்தேகமே இல்லை. கை மேல்தான்.

ஜனவரி 17, புதன்

மூன்று நாளாகச் சொல்ல வாயெடுக்கிறேன். இன்று தோசைக்கல் காய்வதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கல் காய்ந்துவிட்டது.

ஜனவரி 20, சனி

ஐந்து மணிக்குக் கிளம்பினோம், ஏழரைக்கு உச்சி. குழுவில் மற்றவர்கள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள். லெரின் அலமாரியின் விளிம்பில் போய் நின்று கீழே பார்த்தார். பிறகு சைக்கிளைத் தோளில் தூக்கக் குனிந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

“உங்க கை தப்பு பண்ணல. அன்னைக்குப் பிரேக்கு மாறிக் கெடந்துச்சு. பிஷ்ணு எங்கிட்டச் சொல்லித்தான் குடுத்தாரு. நான் உங்ககிட்டச் சொல்லல.”

அவர் நிமிரவில்லை. குனிந்தபடியே, “ஒனக்கு எப்பத் தெரியும்?” என்றார்.

“நீங்க எறங்குறதுக்கு முன்னாடியே.”

இடது பிடியை அழுத்திச் சைக்கிளை முன்னால் தள்ளிப் பார்த்தார். பின்சக்கரம் நின்றது. என்னைப் பார்த்தார். டிசம்பரில் நான்தான் மாற்றினேன், உங்களுக்குத் தெரியக் கூடாதென்று என்றேன். அதையும் சொல்லிவிட்டால் ஒன்றும் பாக்கியில்லை என்று தோன்றியது.

“ஒம்பது மாசம் நான் என் கையச் சந்தேகப்பட்டிருக்கேன்” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு இருக்கையை இறக்கினார். ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டினார். இருபதடி பின்னால் போய்த் திரும்பி வந்தார். விளிம்பில் அவர் தயங்கவே இல்லை. முன்சக்கரம் அந்தக் கீறலுக்குள் நூல் பிடித்தது போல இறங்கியது. முதல் தட்டில் ஒரு மொத்து, இடது விரல் லேசாக அசைந்தது, இரண்டாவது மொத்து, உடம்பு இடப்பக்கம் சாய, பின்சக்கரம் சரளையை வாரி முள்மரத்தில் இறைத்துவிட்டுத் திரும்பியது. ஆள் கண்ணுக்கு மறைந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஓடைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் அங்கேயே நின்று அழுதேன். சந்தோஷம்தான் அதிகம்.

மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் நான் அந்த இடத்தைவிட்டுப் போக வேண்டும். முகம் அப்படி இருந்தது. சைக்கிளைத் தூக்க மனம் வரவில்லை. பின்னால் போய்த் திரும்பினேன், கீறலைப் பார்த்தேன், விட்டேன். மொத்து, மொத்து, இடப்பக்கம். அவ்வளவுதான். அலமாரி முடிந்துவிட்டது. சல்லி, கத்திமுனை, கடைசி வளைவுகள் எல்லாம் ஒரே மூச்சில் போயின. ஏழு கிலோமீட்டர் இறக்கத்தில் ஒரு இடத்தில்கூட நான் கால் ஊன்றவில்லை.

ஒருவரும் பார்க்கவில்லை. கணக்கில் சேராது. யாரிடம் போய்ச் சொல்வது?

அவர் தன் சைக்கிளைக் காரில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். வீடு வரை அவர்தான் ஓட்டினார். பேசவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

பேசவில்லை.

ஜனவரி 25, வியாழன்

பேசவில்லை. ஆனால் பால்கனியில் போனில் பேசியது எனக்குக் கேட்டது. கிரேன் தேர்வுக்கு மறுபடி உட்கார முடியுமா என்று மேலாளரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். குரலில் பழைய கனம் வந்திருந்தது. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆய்ந்ததையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டுக் காம்பைப் பாத்திரத்தில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 27, சனி

அவர் குழுவோடு போனார். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார் என்று தெரிந்தும் நாலரைக்கே எழுந்து உடை மாற்றி உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 1, வியாழன்

தேர்வில் தேறிவிட்டார். கடிதத்தை நான் பார்க்கும்படி சாப்பாட்டு மேசை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். ராஜினாமாவைத் திரும்ப எடுத்துக்கொண்டதாகவும் அதில் இருந்தது. அப்படியானால் நாங்கள் போகவில்லை. சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடினேன். நாற்பத்தோரு வயது.

பிப்ரவரி 3, சனி

இன்றும் அவர் மட்டும். நான் இரண்டு வாளி துணி துவைத்தேன், கிளினிக் சட்டைகளுக்கு இஸ்திரிப் பெட்டி போட்டேன், ஐந்து தடவை பால்கனிக்குப் போனேன்.

பத்தரைக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகமெல்லாம் புழுதி, முழங்கையில் ரத்தம், ஹெல்மெட்கூடக் கழற்றவில்லை. நேராகச் சமையலறைக்கு வந்தார்.

“கத்திமுனை தாண்டி மூணாவது வளைவு இருக்குல்லா, அங்க நாலு கழுத குறுக்க நிக்கி. பிரேக்க விட்டுட்டு வெளிப்பக்கப் பாறைல ஏறுனேன் பாரு, அங்க ஒரு வழி கெடக்கு, இத்தன வருசம் ஒருத்தரும் பாக்கல, அப்படியே சுவத்துல ஓட்டுத மாதிரி...”

அங்கே நின்றுவிட்டார். என்னிடம் பேசுவதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. வாய் மூடியது. கை மட்டும் இன்னும் பாறையின் சாய்வில் நின்றது. நான் அடுப்பை அணைத்தேன். மேலே சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

அவர் என்னைப் பார்த்தார், கையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இத மட்டும் சொல்லி முடிச்சிருதேன்ட்டி. அப்புறம் பேசாம இருந்துக்கிடுதேன்” என்றார்.

முக்கால் மணி நேரம் சொன்னார்.